தொழிலில் மதிப்பும் பேச்சும்

(ஆம்பூரில் தோல், ஷூ தொழிலாளர்கள் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கின்ற விஷயம், தொழில் செய்கின்ற இடத்தில் ஒருவன் தன் மதிப்பை உயர்த்திக்கொள்ளுவது எப்படி, அதற்குப் பேச்சு எவ்வளவு தூரம் உதவும் என்பதாகும். நமக்கு முன் பேசிய தோழர் நம்மைப் பெரிய படிப்பாளி என்றும் நாவன்மை உடையவர் என்றும் புகழ்ந்துவிட்டார். அதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. நாம் ஒன்பதாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டோம். அதற்குமேல் படித்ததெல்லாம் டீக்கடைப் பெஞ்சியிலும் படிப்பகத்திலும் பழைய புத்தகக் கடையிலுந்தான். ஆகவே இங்கே சொல்லப்போவது பட்டுத் தெரிந்துகொண்டதும் பார்த்துத் தெரிந்துகொண்டதுமே ஒழிய வேறில்லை. அதையும் நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

இப்பொழுது வேலூரிலும் இன்னும் மற்ற ஊர்களிலும் "பர்சனாலிட்டி டெவலப்மென்ட்" என்றும் "ஸ்போக்கன் இங்கிலீஷ்" என்றும் போர்டு மாட்டிக்கொண்டு பலர் வகுப்பு நடத்தி வருகின்றார்கள். பணம் கட்டிப் போகின்ற பிள்ளைகளுக்கு அங்கே என்ன சொல்லிக் கொடுக்கின்றார்கள் என்று விசாரித்தோம். கழுத்தில் டை கட்டிக்கொள்ள வேண்டும். கையை இன்ன அழுத்தத்தில் குலுக்க வேண்டும். பல் தெரிந்தும் தெரியாமலும் சிரிக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றெல்லாம் சொல்லுகின்றார்களாம். வேலூர் வெயிலில் சித்திரை மாதத்தில் டை கட்டச் சொல்லுகின்றவனுடைய பர்சனாலிட்டியை முதலில் யாராவது டெவலப் செய்தால் நலமாயிருக்கும். கண்ணைப் பார்த்துப் பேசு என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கண்ணைப் பார்த்து என்ன பேசுவது என்பதை அவர்கள் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

இவர்களுக்கு அண்ணன்மார்களாக இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றார்கள். பையன் வேலைக்கு இன்டர்வியூ போகின்றான் என்றால் ராகுகாலம் பார்க்கின்றார்கள். எலுமிச்சம்பழம் மந்திரித்துச் சட்டைப் பையில் வைக்கின்றார்கள். எண் கணித சாஸ்திரி என்று ஒருவன் வந்து, பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டு, இங்கிலீஷில் எழுதும்போது இரண்டு "ஏ" போடு, உனக்குப் பெரிய உத்தியோகம் வரும் என்கின்றான். இரண்டு "ஏ" போட்டதால் வேலை கிடைத்தது என்றால், கம்பெனிக்காரன் ஷூ தைக்க ஆள் எடுக்கின்றானா, எழுத்துக் கூட்ட ஆள் எடுக்கின்றானா? அந்தக் காசுக்கு அந்தப் பையன் ஒரு மாதம் தினசரிப் பத்திரிகை வாங்கி உரக்கப் படித்திருந்தால் வாயாவது திருந்தியிருக்கும்.

நிற்க, நம் ஜனங்களுக்கு ஏன் பேச வரவில்லை என்பதை முதலில் பார்ப்போம். நம்மில் ஒருவனும் ஊமையாகப் பிறந்தவனல்ல. வீட்டில் பேசுகின்றான், கடைத்தெருவில் பேரம் பேசுகின்றான், இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் சினிமாவைப் பற்றி விடிய விடியப் பேசுகின்றான். ஆனால் மேலே இருக்கின்றவன் முன்னால் போய் நின்றால் மாத்திரம் தொண்டை அடைக்கின்றது, முதுகு வளைகின்றது, கை தானாக வாயை மூடப் போகின்றது. இது சுபாவமா? இல்லை, பழக்கிய பழக்கம். மனுதர்ம சாஸ்திரத்தில் எட்டாவது அத்தியாயம் 270ஆவது சுலோகத்தை எடுத்துப் பாருங்கள். மேல் ஜாதியானைச் சூத்திரன் கடுஞ்சொல் சொன்னால் நாக்கை அறுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கின்றது. இரண்டாவது அத்தியாயம் 31ஆவது சுலோகத்தில், பிராமணனுக்கு மங்களமான பெயரும் சூத்திரனுக்கு இழிவான பெயருமாக வைக்க வேண்டும் என்றிருக்கின்றது. பெயரே இழிவு, பேசினால் நாக்கு போய்விடும் என்றால் எவன் வாயைத் திறப்பான்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, எட்ட நின்று "சாமி" என்று சொல்லியே பல தலைமுறைகள் வந்துவிட்டன. இன்று துண்டு போய்விட்டது. பொத்திய வாய் போகவில்லை.

பெயர் விஷயம் அற்பமானதென்று நினைக்கக் கூடாது. 1922ஆம் வருஷத்தில் எம். சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, சர்க்கார் தஸ்தாவேஜுகளில் பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை நிறுத்தி ஆதி திராவிடர் என்று எழுதும்படி செய்தார். 1929ஆம் வருஷம் பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதலாவது மாகாண சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஜாதிப் பட்டங்களை விட்டுவிடுவதென்று தீர்மானித்தார்கள். பிறர் நம்மை எப்படி அழைக்கின்றார்கள், நாம் நம்மை எப்படிச் சொல்லிக்கொள்ளுகின்றோம் என்பதிலேயே பாதி மதிப்பு அடங்கிக் கிடக்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அது எண் கணிதமல்ல.

நம்முடைய தோல் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக இந்தத் தொழில்தான். 2019ஆம் வருஷத்தில் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்து ஆம்பூரைத் திருப்பத்தூர் ஜில்லாவில் சேர்த்துவிட்டார்கள். ஜில்லா பிரிந்ததே ஒழிய தோல் பிரியவில்லை. வெளியூர்க்காரனிடம் ஆம்பூர் என்று சொன்னால் உடனே பிரியாணி என்கின்றான். நம் கை தைத்த ஷூவை அயல்நாட்டான் காலில் போட்டுக்கொள்ளுகின்றான். அதில் அந்தத் தேசத்துக் கம்பெனியின் பெயர் இருக்கின்றது. மிருதங்கத்துக்குத் தோல் வேண்டும், அதைச் சபையில் வைத்துத் தட்டிக் கேட்டுத் தலையாட்ட வேண்டும், ஆனால் அந்தத் தோலைப் பதப்படுத்துகின்றவன் மாத்திரம் கிட்ட வரக்கூடாது என்பதும் இந்தத் தேசத்தின் நியாயமே. நம்மிலேயே எத்தனை பேர், பெண் கேட்டு வந்தவர்களிடம் "டேனரியில் வேலை" என்று சொல்லக் கூசி "கம்பெனியில் வேலை" என்று பொதுப்படச் சொல்லுகின்றோம் என்று உங்கள் மனதையே கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்தத் தொழிலில் எவ்வளவு அறிவு இருக்கின்றது! ஆவாரம் பட்டை எவ்வளவு, கடுக்காய் எவ்வளவு என்பதை நம் தாத்தன்மார்கள் தராசு இல்லாமல் கைக்கணக்கில் அறிந்திருந்தார்கள். தோலை விரலால் தடவியே அது எத்தனை நாள் உப்பில் கிடந்தது என்று சொல்லக்கூடியவர்களை நாம் பார்த்திருக்கின்றோம். 1904ஆம் வருஷத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்கின்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் சென்னை மாகாணத்தில் தோல் பதனிடுவது பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். அவர் எழுதியதில் தவறில்லை, எழுதியது நல்லதே. ஆனால் தொட்டியில் இறங்கி நின்று அறிந்தவன் வாய் திறந்து சொல்லவில்லை, எழுத்திலும் வைக்கவில்லை. ஆகவே அவனுடைய அறிவு மற்றொருவர் பெயரில் ஏறியது. சொல்லப்படாத அறிவுக்கு மதிப்பும் இல்லை, கூலியும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

இனி நம்முடைய சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகின்றோம். 1998ஆம் வருஷம் கோடைக்காலம். நாம் ஒரு டேனரியில் ஊறல் தொட்டியில் எடுபிடியாக இருந்தோம். இடத்தின் பெயர் வேண்டாம். எல்லா இடமும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் தொட்டியில் கிடந்த ஆட்டுத் தோலைப் புரட்டும்போது மயிர் தானாகக் கையோடு வந்தது. சுண்ணாம்பில் போடுவதற்கு முன்பே மயிர் கழன்றால் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அது நமக்கு நன்றாகத் தெரியும். மேஸ்திரியிடம் ஓடினோம். ஓடி என்ன சொன்னோம் தெரியுமா? தலையைச் சொறிந்துகொண்டு, "மேஸ்திரி... அது வந்து... தோலு ஒரு மாதிரி இருக்குது" என்றோம். அவர், "ஒரு மாதிரின்னா என்ன மாதிரிடா? போய் வேலையைப் பாரு" என்றார். நாமும் போய் வேலையைப் பார்த்தோம். மறுநாள் அந்தத் தொட்டித் தோல் முழுவதும் மேற்புறம் பழுதாகிவிட்டது. "நீதானே அங்கே இருந்தாய், ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டு இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். சொன்னோம் என்று சொல்லவும் அன்று நமக்கு வாய் வரவில்லை.

வெகுகாலம் வரை இதில் மேஸ்திரியை மாத்திரமே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தோம். அவர் பேரிலும் குற்றமில்லாமல் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், நாம் அவரிடம் சொன்னது ஒரு சங்கதியே அல்ல. "ஒரு மாதிரி" என்பதைக் கேட்டு ஒருவன் என்ன செய்ய முடியும்? இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: "மேஸ்திரி, மூணாந் தொட்டியிலே நேத்து சாயங்காலம் போட்ட ஆட்டுத்தோல் அழுகுது. பத்துத் தோலைத் தொட்டுப் பார்த்தேன்; நாலிலே மயிர் கையோட வருது. இப்பவே எடுத்துச் சுண்ணாம்பிலே போட்டுடலாமா? நீங்க ஒருவாட்டி வந்து பாருங்க." இதில் இங்கிலீஷ் இருக்கின்றதா? டை இருக்கின்றதா? ஒன்றும் இல்லை. எந்த இடம், எப்பொழுது, எத்தனை, என்ன கண்டோம், இப்போது என்ன செய்ய வேண்டும் என்பவை மாத்திரமே இருக்கின்றன. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. இப்படிச் சொல்லுகின்றவனை எந்த மேஸ்திரியும் இரண்டாம் தடவை "போடா" என்று சொல்ல மாட்டான். சொன்னாலும், பிறகு பழி நம் தலையில் விழாது. ஏனெனில் பக்கத்தில் நின்ற நாலு பேர் அதைத் தெளிவாகக் கேட்டிருப்பார்கள்.

இன்னும் ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதும் பேச்சில் சேர்ந்ததுதான். நம் ஆட்களிடம் ஒரு வேலை சொன்னால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அந்த ஆள் என்னப்பா சொன்னான்?" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கின்ற வழக்கம் இருக்கின்றது. அவனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து நூறு ஜோடி அப்பரைத் தப்பாக வெட்டி வைப்பார்கள். "நீங்க சொன்னதிலே அளவு புரிஞ்சுது, எந்தத் தோல்னு புரியலை; இன்னொருவாட்டி சொல்லுங்க" என்று கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா? கேட்டுக்கொண்டதைத் திருப்பி ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுகின்றவனையே பொறுப்பானவன் என்று எங்கும் கருதுகின்றார்கள்.

இங்கிலீஷ் சங்கதிக்கு வருவோம். இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லுகின்றவர்கள் அல்ல நாம். கற்றுக்கொள்ளுங்கள்; அது ஒரு கருவி; தோல் வெட்டும் கத்தியைப் போல. ஆனால் கத்தியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகின்றவன் வெட்டுகின்றவன் ஆகமாட்டான். இன்டர்வியூவில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றால், "மைசெல்ஃப் குமார்" என்று ஆரம்பித்து, மனப்பாடம் செய்த பாட்டைப் போல ஒப்பித்துவிட்டு, நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் வியர்த்து நிற்கின்றார்கள் நம் பிள்ளைகள். அதைவிட, "இரண்டு வருஷம் கட்டிங்கில் இருந்தேன், ஒரு தோலில் எந்த இடம் இழுக்கும், எந்த இடம் இழுக்காது என்று பார்த்து வெட்டத் தெரியும், கழிவு குறைவாக வரும், மாதிரி கொடுங்கள், வெட்டிக் காட்டுகிறேன்" என்று தமிழிலேயே நிமிர்ந்து சொல்லட்டுமே! தோல் தெரிந்த முதலாளியாயிருந்தால் உட்காரச் சொல்லுவான். இந்த ஊரில் தமிழ் இருக்கின்றது, உருது இருக்கின்றது. இரண்டிலும் நாலு வார்த்தை பேசத் தெரிந்த தொழிலாளர்களும் அநேகம் பேர் இருக்கின்றார்கள். இவ்வளவும் பேசுகின்றவன் இங்கிலீஷ் வரவில்லை என்பதற்காகத் தன்னை ஊமை என்று எண்ணிக்கொள்ளுவது எவ்வளவு பேதைமை!

1918ஆம் வருஷம் ஏப்ரலில் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. அதற்குத் தலைவராயிருந்த வாடியா அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷிலேயே பேசுவார். அந்தக் காலத்தில் பெரிய மேடை என்றாலே இங்கிலீஷ் மேடைதான். அங்கே திரு. வி. க. அவர்கள் தொழிலாளிக்குத் தமிழிலேயே பேசினார். சாப்பாட்டுக்கு விடுகின்ற நேரம் போதாது என்பதை ஆலைக்காரன் தன் பாஷையில் தானே எடுத்துச் சொல்லலாம் என்று கண்ட பிறகுதான் அவனுக்குத் தைரியம் வந்தது.

சீமையில் மைக்கேல் பாரடே என்று ஒருவர் இருந்தார். 1791இல் ஒரு கொல்லனுக்குப் பிறந்தவர். பதினான்கு வயதில் புத்தகம் பைண்டு செய்கின்ற கடையில் வேலைக்குப் போனார். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றார். இன்று மின்சாரம் உண்டாக்குகின்ற யந்திரம் எல்லாம் அவர் கண்டுபிடித்த விதியின் பேரில்தான் சுற்றுகின்றது. அவ்வளவு பெரிய அறிவாளிக்கும் ஆரம்பத்தில் மேடையில் பேச வரவில்லை. அதற்காக அவர் எந்தத் தெய்வத்துக்கும் தேங்காய் உடைக்கவில்லை. பேச்சுக் கலை சொல்லித் தருகின்றவரிடம் போய்ப் பாடம் கேட்டார். தாம் பேசும்போது எதிரில் "மெதுவாக" என்று எழுதிய அட்டையை வைக்கச் சொன்னார். பிற்காலத்தில் சிறு பிள்ளைகளுக்குக்கூட விளங்கும்படி பேசி லண்டனில் பெயர் பெற்றார். நம் நாட்டில் பெரியார் அவர்களைப் பாருங்கள். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தது மிகச் சில வருஷங்களே. இலக்கணத் தமிழ் பேசியவருமல்ல. ஈரோட்டுக் கடைத்தெருவில் பேசுகின்ற பேச்சைத்தான் மேடையிலும் பேசினார். மணிக்கணக்காக ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்களே, அது டைக்காகவா? சொல்ல வேண்டிய சங்கதி இருந்தது. அதை மறைக்காமல் சொன்னார். 1973 டிசம்பர் 24ஆம் தேதி நம் வேலூர் ஆஸ்பத்திரியில் முடிவடைகின்ற வரையில், சிறு பையனைக்கூட "வாங்க, போங்க" என்றே அழைத்து வந்தார்.

இதைச் சொல்லும்போது நம்மவர்களைப் பற்றியும் கொஞ்சம் கசப்பாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. மேலே இருக்கின்றவன் "டா" போட்டுப் பேசுகின்றான் என்று கோபப்படுகின்றோம். நியாயமே. ஆனால் நம்மில் ஒருவன் சூப்பர்வைசர் ஆனவுடன் தையல் வரிசையில் இருக்கின்ற பெண்களை எப்படி அழைக்கின்றான்? தன் தாயார் வயதுள்ள அம்மாளை "ஏய், இங்கே வா" என்கின்றானா இல்லையா? ஷூ கம்பெனிகளில் வேலை செய்கின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பலர் விடியற்காலம் சோறாக்கி வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறி வருகின்றவர்கள். அவர்களை "டி" போட்டு அழைக்கின்றவன் மேலதிகாரியிடம் தனக்கு மரியாதை வேண்டும் என்று கேட்பது, தான் வாங்கிய உதையைக் கீழே இருப்பவனுக்குக் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டுவதே தவிர வேறென்ன? "அக்கா, இந்தத் தையல் கோணியிருக்கு, பிரிச்சுத் தைச்சுக் கொடுங்க" என்று சொன்னால் வேலை நின்றுவிடுமா? நாம் பார்த்த வரையில் அப்படிச் சொல்லுகின்றவன் வரிசையில்தான் தவறு சீக்கிரம் வெளியே தெரிகின்றது. திட்டுகின்றவன் வரிசையில் பயந்துகொண்டு தவறை மறைத்து வைக்கின்றார்கள். நிற்பது, உட்காருவது கூட இப்படித்தான். கடையில் வேலை செய்கின்றவர்களுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 2021ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் சட்டமே செய்யவேண்டி வந்தது. உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருக்கின்ற தேசத்தில் நிமிர்ந்து நிற்பதற்கு நாமே முயற்சி செய்தால்தான் உண்டு.

பெண் தொழிலாளர்களுக்கு மற்றொரு முக்கியமான சங்கதி. வேலை செய்கின்ற இடத்தில் தகாத பேச்சோ தகாத தொடுதலோ நேர்ந்தால், "சொன்னால் நம் பேர்தான் கெடும்" என்று பொறுத்துக்கொள்ளுகின்றார்கள். 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கின்ற ஒவ்வொரு இடத்திலும் இதை விசாரிக்க ஒரு கமிட்டி இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். எழுத முடியாத நிலையில் இருந்தால், கமிட்டியைச் சேர்ந்தவர்களே எழுதிக்கொடுக்க உதவ வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றது. ஆகவே எழுத்து வராது என்பதைக் காரணமாகச் சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அங்கேயும் நாம் முன்பு சொன்ன மாதிரியே: எந்தத் தேதி, எந்த இடம், யார், என்ன வார்த்தை சொன்னான், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்று இரவே ஒரு தாளில் குறித்து வையுங்கள். "அவன் ஒரு மாதிரி நடந்துக்கிட்டான்" என்றால், நம்முடைய தோல் கதைதான் ஆகும்.

சில இடங்களில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருகின்ற நாளில் தொழிலாளர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கின்றார்கள். "எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் இத்தனை என்று சொல், முகமூடி கொடுக்கின்றார்களா என்றால் தினம் கொடுக்கின்றார்கள் என்று சொல், சிரித்துக்கொண்டு சொல்" என்று ஒப்பிக்க வைக்கின்றார்கள். இதற்குப் பேச்சுத் திறமை என்று பெயர் வைத்தால், கிளிக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும். வருகின்றவன் போய்விடுவான், அந்தப் புழுதியை மூச்சில் இழுக்கப்போகின்றவர்கள் நாம்தான்.

மூச்சு என்று சொல்லும்போது, உயிர் சம்பந்தமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மயிர் நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்க்கின்றார்கள். அந்தக் கழிவு நீரோடு ஆசிட் கலந்த கழிவு நீர் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்கின்ற விஷ வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதுவே. கொஞ்சமாக இருக்கும்போது நாற்றம் தெரியும். அதிகமாகிவிட்டாலோ மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்போ நாத்தம் இல்லையே, இறங்கு" என்று சொல்லுகின்றவன் பேச்சைக் கேட்டு இறங்கினவனும், அவனைத் தூக்க இறங்கினவனும், சேர்ந்தே போய்விடுகின்றார்கள். இதை விதி என்றும் தலையெழுத்து என்றும் சொல்லி மாலை போட்டுவிட்டு வருகின்றோம். விதி அல்ல, அது வாயு. "வாயு சோதனை செய்யாமல், இழுத்துத் தூக்கக் கயிறும் மேலே ஆளும் இல்லாமல் நான் இறங்கமாட்டேன்" என்று நிமிர்ந்து நின்று சொல்லத் தெரிந்துகொள்ளுவதே நமக்கு வேண்டிய முதல் பேச்சுத் திறமை. ஒருவன் சொன்னால் வேலையைவிட்டு நிறுத்துவான். அந்த வரிசையில் உள்ள எல்லோரும் அதையே சொன்னால் நிறுத்த முடியாது. 2015 ஜனவரி 31ஆம் தேதி இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இப்படி வந்து நம்மோடு வேலை செய்கின்ற வடநாட்டுத் தோழர்களுக்குத் தமிழ் தெரியாது. நமக்கு அவர்கள் பாஷை தெரியாது. அவர்களைக் கேலி செய்வதற்கு நாலு வார்த்தை கற்றுக்கொண்டிருக்கின்றோம். "ஆபத்து, இறங்காதே, வெளியே ஓடு" என்கின்ற மூன்று வார்த்தைகளை அவர்கள் பாஷையில் கற்றுக்கொண்டோமா?

சரி, எப்படிப் பழகுவது என்று கேட்பீர்கள். நாம் பழகின விதம் இதுதான். அந்த இரண்டு நாள் கூலி போன பிறகு, ஒரு பெரியவர் நம்மைப் படிப்பகத்துக்குக் கூட்டிப்போய், எழுத்துத் தெரியாத நாலு பேருக்குத் தினசரியை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். முதல் நாள் குரல் நடுங்கிற்று. அவர்கள் நடுவில் நிறுத்தி, "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். அர்த்தம் தெரியாமல் படித்தது அப்போதே வெளிச்சமாகிவிடும். ஆறு மாதத்தில் நடுக்கம் போய்விட்டது. ஒரு வருஷத்தில் நாமே எழுந்து நாலு வார்த்தை சொல்ல ஆரம்பித்தோம். இதற்குக் கட்டணம் கிடையாது. இரவு எட்டு மணிக்கு மேல் பத்துப் பேர் கூடி, ஒவ்வொருவனும் அன்று தான் செய்த வேலையை இரண்டு நிமிஷம் சொல்லட்டும். மற்ற ஒன்பது பேரும் விளங்காத இடத்தைக் கேட்கட்டும். சிரிக்கின்றவனை அடுத்ததாகப் பேசச் சொல்லுங்கள், அதற்குமேல் சிரிக்க மாட்டான்.

பேச்சைத் திருத்திக்கொண்டால் கூலி உயர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் இரண்டு "ஏ" ஆசாமிதான். கூலிக்குச் சங்கம் வேண்டும், கணக்கு வேண்டும், விடாப்பிடி வேண்டும். மேலும், நன்றாகப் பேசுகின்றான் என்பதற்காகவே ஒருவனை வேலையைவிட்டு நிறுத்திய இடங்களும் உண்டு. அதையும் அறிந்தே சொல்லுகின்றோம். நயந்து பேசி மேலே போனவனையும் பார்த்திருக்கின்றோம். அவன் போன பிறகு அவன் உட்கார்ந்த நாற்காலிக்கு இருந்த மதிப்பு அவனுக்கு இல்லை என்பதையும் பார்த்திருக்கின்றோம்.

நேரமாகிவிட்டது. இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் வாசற்பக்கம் எழுந்து நிற்பது தெரிகின்றது. மூன்றாவது வரிசையில் நீலப் புடவை அணிந்திருக்கின்ற அம்மாள் இரண்டு தடவை கையைத் தூக்கித் தூக்கி இறக்கிவிட்டார்கள். அம்மா, எழுந்திருங்கள். மற்றவர்கள் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். நீங்கள் எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம். எந்தப் பிரிவில் வேலை செய்கின்றீர்கள், என்ன கேட்க நினைத்தீர்கள் என்பதை மாத்திரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.